ஆடு புலி ஆட்டத்தைத் தரையில் நெருப்பும் வெளிச்சமுமாகக் கட்டுவது: முழுமையான வழிகாட்டி

நாலு மீட்டர் நீளத்துக்குத் தரையில் விரித்த ஆடு புலிக் கட்டம். 23 புள்ளி, 15 ஆடு, 3 புலி. ஆட்டுக்கு வெளிச்சம், புலிக்கு நெருப்பு. ஆட்டை ஒரு புள்ளியில் வைத்தால் அந்தப் புள்ளி ஒளிரும். புலி ஓர் ஆட்டைத் தாண்டி வெட்டினால் அந்தப் புலிக்கு உரிய கரிச்சட்டி சீறி எழும். ஒரு புலி நகர வழியில்லாமல் அடைபட்டால் அதன் சட்டி அடங்கும். மூன்றும் அடைபட்டால் நெருப்பு முழுக்கத் தணிந்து தரை பூராவும் வெளிச்சம் ஏறும்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நெருப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சட்டியும் ஊதியும் (கங்குக்குக் காற்று ஊதும் சிறு விசிறி) தயாராகிவிடும், ஆட்டம் ஓடாது. அப்புறம் கோயில் கொடைத் திருவிழா நெருங்கும்போது கங்கு பக்கத்தில் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். முதலில் ஆட்டம், அடுத்து வெளிச்சம், கடைசியில்தான் நெருப்பு. கீழே உள்ள வரிசையும் அதுதான்.

1. இடமும் மாதமும்

தை முதல் பங்குனி வரை வசதி. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனி, ஆடியில் காற்று. பணகுடி, காவல்கிணறு, கயத்தாறு பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கும் ஊர்கள். அந்த மாதங்களில் அங்கே திறந்த நெருப்பை நினைக்கவே வேண்டாம். ஆடிக் கொடைக்குத்தான் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் பிடிவாதம் பிடித்தால், சட்டியை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் வையுங்கள்.

கட்டாந்தரையாக இருக்க வேண்டும். நெல் களம், பள்ளி மைதானம், கோயில் முன்திடல் எல்லாம் சரி. அறுத்த வயல் காலியாகக் கிடக்கிறதே என்று போகாதீர்கள், தாளடி காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் தீ பரவாதுதான், ஆனால் சட்டியின் கால் புதைந்து சாயும். அங்கே வைப்பதென்றால் ஒவ்வொரு காலுக்கும் கீழே கடப்பா கல் போடுங்கள். ஓலைப் பந்தல், வைக்கோல் படப்பு, சீரியல் செட் கட்டிய மூங்கில், இவையெல்லாம் சட்டியிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

பஞ்சாயத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். என்ன எரியப்போகிறது, எவ்வளவு, எப்போது அணைப்பீர்கள் என்று எழுதி, கையால் வரைந்த படம் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தால் பேச்சு சுருங்கும்.

2. கட்டத்தை வரைந்து ஆடிப் பாருங்கள்

எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன்னால் சுண்ணாம்புப் பொடியால் கட்டத்தைப் போட்டு, கல்லை வைத்து ஆடுங்கள். ஆளுயரத்தில் நின்று ஆடும்போதுதான் எங்கே இடிக்கும் என்று தெரியும்.

உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நாலு கோடு கீழே விரிந்து இறங்கும். மூன்று குறுக்குக் கோடு அவற்றை வெட்டும், ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளி. அடியில் ஒரு கோடு, நாலு புள்ளி. குறுக்குக் கோடுகளின் இரு ஓரமும் மேலிருந்து கீழே இணைந்திருக்கும்.

இங்கேதான் முதல் இடறல். உயரத்தைச் சமமாக நாலாகப் பிரித்துக் குறுக்குக் கோடு போடுவார்கள். அடியில் புள்ளிக்குப் புள்ளி 120 சென்டிமீட்டர் இருந்தால் முதல் குறுக்குக் கோட்டில் அது 30 ஆகிவிடும். இரண்டு காய் வைக்கவே இடம் பற்றாது, கால் எங்கே வைப்பது? மொத்த உயரம் 400 என்றால் உச்சியிலிருந்து 160, 240, 320 சென்டிமீட்டரில் கோடு போடுங்கள். இடைவெளி முறையே 48, 72, 96 என்று வரும். ஓரப் புள்ளிகள் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 220 தள்ளி இருக்கட்டும்.

புள்ளிகளுக்கு இப்போதே எண் கொடுத்துவிடுங்கள். உச்சி 1. முதல் குறுக்குக் கோடு இடமிருந்து வலமாக 2 முதல் 7, அடுத்தது 8 முதல் 13, மூன்றாவது 14 முதல் 19, அடிக்கோடு 20 முதல் 23. ஒவ்வொரு புள்ளிக்கும் வைக்கப்போகும் பலகையின் அடியிலும் ஒயரிலும் புரோகிராமிலும் இதே எண்தான். வயரிங் செய்கிறவர் ஒரு எண்ணும் புரோகிராம் எழுதுகிறவர் வேறு எண்ணும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சண்டை போடுவது சகஜமாக நடக்கிறது.

விதியையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 15 ஆட்டையும் வைத்து முடிக்கும்வரை ஆட்டை நகர்த்தக் கூடாது என்பதில் யாருக்கும் தகராறில்லை. எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயித்தது என்பதில்தான் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். உள்ளூர்ப் பெரியவர்களைக் கேட்டு ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பலகையில் எழுதி மாட்டிவிடுங்கள். சீக்கிரம் முடிந்தால் அடுத்தவர்களுக்கும் வாய்ப்பு கிடைக்கும் என்பதால் 6 போதும் என்பது என் கருத்து.

3. தரைப்பலகையும் காய்களும்

ஒவ்வொரு புள்ளிக்கும் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் 12 மில்லிமீட்டர் வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் ஒன்று. நடுவில், அடிப்பக்கமாக ஒரு சிறு குழி பறித்து 49ஈ என்ற ஹால் சென்சரை வைத்து எம்-சீல் போட்டு மூடுங்கள். காந்தம் பக்கத்தில் வந்தால் இதன் வோல்டேஜ் மாறும். ஒரு முனை வந்தால் ஏறும், மறுமுனை வந்தால் இறங்கும். ஆட்டுக்கு ஒரு முனை, புலிக்கு மறுமுனை என்று காந்தத்தைத் திருப்பி ஒட்டிவிட்டால், ஒரே சென்சர் வந்திருப்பது ஆடா புலியா என்று சொல்லிவிடும். மலிவாக இருக்கிறதென்று ரீட் ஸ்விட்ச் போடுகிறவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு ‘ஏதோ இருக்கிறது’ என்பது மட்டும்தான் தெரியும்.

காய்க்குச் சிறிய மண் கலயம் அழகாக இருக்கும். காருகுறிச்சிப் பக்கம் கேட்டால் ஒரே அளவில் செய்து தருவார்கள். அடியில் 20 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள நியோடைமியம் காந்தம். புலிக்குக் கொஞ்சம் பெரிய கலயம், கருப்பு வண்ணம். எந்த முனை கீழே என்பதை ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகச் சென்சரில் வைத்துப் பார்த்து, சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டியபின் தெரிந்தால் கலயத்தை உடைக்க வேண்டியதுதான்.

காந்தத்துக்கும் சென்சருக்கும் இடையில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பக்கவாட்டில் விலகினாலும் அளவு சட்டென்று விழும். அதனால் பலகையின் மேல் கலயம் உட்காரும் அளவுக்கு ஒரு வளையத்தை, கயிறோ ரப்பரோ, ஒட்டிவிடுங்கள். ஆடுகிறவர்கள் தாமாகவே நடுவில் வைப்பார்கள். பலகைக்கு இரும்புத் தகடு போட்டு அழகுபடுத்தாதீர்கள், காந்தப் புலத்தை அது தின்றுவிடும்.

4. ஒயர், பேட்டரி

230 வோல்ட் தரைக்கே வரக் கூடாது. கூட்டம், வெறுங்கால், யாரோ கொட்டிய தண்ணீர், எல்லாம் சேரும் இடம். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் 100 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று இருந்தால் ஒரு ராத்திரிக்குத் தாராளம். வீட்டிலேயே சார்ஜ் செய்து கொண்டுவாருங்கள். சார்ஜ் ஏறும்போது இதிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும், சட்டி எரிகிற இடத்தில் அந்த வேலை ஆகாது. பாசிட்டிவ் முனையை ஒட்டியே முதல் பியூஸ். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி பியூஸ்.

மூளைக்கு ஒரு இஎஸ்பி32 போர்டு, புரோகிராமை ஓட்டும் சிறு கணினி. 23 சென்சருக்கும் அதில் கால் (இணைப்பு முனை) கிடையாது, ஆகவே பல சென்சரை ஒரே காலில் மாறி மாறிப் படிக்க உதவும் 16 வழி மல்டிபிளெக்ஸர் (சிடி74ஹெச்சி4067) இரண்டு. அனலாக் வரவை 32 முதல் 39 வரை எண்ணுள்ள கால்களில் எடுங்கள். மற்ற அனலாக் கால்கள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. சென்சர்களுக்கு மொத்தமாக 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேண்டியிருக்கும். போர்டிலிருந்தே இழுக்காமல் 3.3 வோல்ட்டுக்குத் தனி மாட்யூல் போடுங்கள்.

சென்சருக்கு லேன் கேபிள் நல்லது, மலிவும்கூட. ஒவ்வொரு சென்சரின் காலடியிலும் 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று. விளக்குக்கும் ஊதிக்கும் போகும் தடித்த ஒயரோடு இதைச் சேர்த்துக் கட்டாதீர்கள், ஊதி கிளம்பும்போதெல்லாம் இல்லாத ஆடு தெரியும். எல்லா கிரவுண்டும் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வந்து சேர வேண்டும்.

5. புரோகிராம் எப்படி யோசிக்க வேண்டும்

விளையாட்டின் விதியைப் பலகை அமல்படுத்த வேண்டாம். கள்ளாட்டம் ஆடினால் சுற்றி நிற்கும் கூட்டம் பார்த்துக்கொள்ளும். பலகையின் வேலை நடந்ததைக் கவனித்து எதிர்வினை காட்டுவது மட்டும்தான். இதை ஒப்புக்கொண்டால் புரோகிராம் பாதியாகச் சுருங்கும்.

முதலில் கோடுகளைப் பட்டியலிடுங்கள். மொத்தம் பத்து. சாய்கோடு நாலு: 1-3-9-15-20, 1-4-10-16-21, 1-5-11-17-22, 1-6-12-18-23. குறுக்குக் கோடு மூன்று, அடிக்கோடு ஒன்று, ஓரக்கோடு இரண்டு: 2-8-14, 7-13-19. ஒரே கோட்டில் அடுத்தடுத்து வரும் மூன்று புள்ளிதான் ஒரு வெட்டு. எண்ணிப் பார்த்தால் 28 வரும், இருதிசையிலும் சேர்த்தால் 56. உங்கள் பட்டியலில் வேறு எண் வந்தால் எங்கேயோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது.

தொடங்கும்போது காய் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு சென்சரின் அளவையும் பதிந்துகொண்டு, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். 49ஈ ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும், வெயிலிலும் நகரும். மத்தியானம் பதிந்த அளவை ராத்திரிக்கு நம்பாமல், விளக்கு வைத்தபின் ஒருமுறை மறுபடி பதியுங்கள்.

அடுத்தது, அவசரப்படாதீர்கள். மனிதர்கள் புலியைத் தூக்குவார்கள், யோசிப்பார்கள், திரும்ப வைப்பார்கள், “இல்லடே, அங்க வை” என்று நாலு பேர் கத்துவார்கள். சிலர் வெட்டிய ஆட்டை முதலில் எடுப்பார்கள், சிலர் புலியை முதலில் நகர்த்துவார்கள். மூன்று புலியும் தரையில் இருந்து, இரண்டு விநாடி எதுவும் மாறாமல் இருந்தால்தான் அதை ஒரு நிலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒப்பிடுங்கள்: ஒரு புலி வெட்டுப் பட்டியலில் உள்ளபடி தாவியிருந்து, நடுப்புள்ளியில் இருந்த ஆடும் காணாமல் போயிருந்தால் அது வெட்டு.

மூன்று புலியின் காந்தமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்தப் புலி எது என்பதை நகர்வை வைத்துத்தான் பின்தொடர முடியும். ஒரே நேரத்தில் இரண்டு புலி நகர்ந்திருந்தால் குழம்பிவிடும். அப்போது எல்லா விளக்கும் மினுக்கட்டும், நடத்துகிறவர் கையில் ஒரு ரீசெட் பட்டன் இருக்கட்டும்.

புலி அடைபட்டதா என்று பார்க்கும்போது பக்கத்துப் புள்ளிகள் காலியா என்பதோடு நின்றுவிடுகிறார்கள். தாண்டி வெட்ட வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை விட்டால் உயிரோடு இருக்கும் புலியின் சட்டி அணைந்துபோய், புலி ஆடுகிறவர் சண்டைக்கு வருவார்.

6. வெளிச்சம்

திருவிழா லைட் செட்டிங்கில் வருகிற 12 வோல்ட் பிக்சல் பல்பே போதும் (டபிள்யூஎஸ்2811). பலகைக்கு எட்டு, மொத்தம் 184. முழு வெள்ளையில் பல்புக்கு ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் என்றால் எல்லாம் சேர்ந்து 11 ஆம்பியர். புரோகிராமிலேயே மூன்றில் ஒரு பங்குக்குமேல் போகாமல் கட்டிவிடுங்கள். இருட்டில் அதுவே கண்ணைப் பறிக்கும்.

இஎஸ்பி32 கொடுக்கும் சிக்னல் 3.3 வோல்ட். நடுவில் 74ஏஹெச்சிடி125 சிப் ஒன்றைப் போட்டு 5 வோல்ட்டாக ஏற்றினால்தான் நீண்ட ஒயரில் தடுமாறாது. கரண்ட்டை ஒரு முனையில் மட்டும் கொடுக்காமல் இரண்டு மூன்று இடத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பலகைகள் மங்கும். ஒரு பல்பு போனால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் போகும். பலகைக்குப் பலகை கழற்றி மாட்டும் இணைப்பு வைத்து, உதிரியாக இரண்டு பலகை கையில் இருக்கட்டும்.

நிறம் விஷயத்தில் ஒரு யோசனை. மஞ்சளும் ஆரஞ்சும் வீட்டில் வைத்துப் பார்க்கும்போது அழகாக இருக்கும். கங்கு எரியும்போது அதோடு கலந்து காணாமல் போகும். ஆட்டுக்கு நீலம் கலந்த வெள்ளையோ பச்சையோ வையுங்கள். புலி நிற்கும் புள்ளியில் விளக்கே வேண்டாம். அந்த இடம் இருட்டாகக் கிடந்து, ஓரத்தில் சட்டி எரிவதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது.

இதுவரை செய்ததை வைத்து ஒரு முழு ஆட்டம் பிழையில்லாமல் ஓடினால்தான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

7. கரிச்சட்டி

கேஸ் சிலிண்டரும் சொலினாய்டு வால்வும் வைத்தால் ஆளுயரத் தீ வருமே என்று கேட்பார்கள். வேண்டாம். வீட்டுச் சிலிண்டரை இதற்கெல்லாம் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. அதைவிட, வால்வு திறந்து தீ பற்றாமல் போனால், காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு படிந்து ஆடுகிறவர் காலடிக்கே வரும். கரியில் இந்தச் சிக்கல் இல்லை. ஊதி நின்றால் கங்கு தானாக அடங்கும். கரண்ட் போனாலும் புரோகிராம் தொங்கினாலும் நெருப்பு தணிகிற பக்கம்தான் போக வேண்டும். இந்த அமைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான்.

சட்டிக்குப் பழைய இரும்புக் கடையில் லாரி பிரேக் டிரம் மூன்று வாங்குங்கள். தடித்த வார்ப்பிரும்பு, நடுவில் ஓட்டையும் ஏற்கெனவே இருக்கும். வெல்டிங் பட்டறையில் கொடுத்து, அந்த ஓட்டையின் மேல் சல்லடைத் தகடு, அடியில் காற்றுக் குழாய், அகன்ற மூன்று கால், இவற்றைப் போடச் சொல்லுங்கள். சட்டியின் வாய் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். தரையோடு வைத்தால் குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள்.

காற்றுக் குழாய் ஒரு மீட்டராவது நீளம் வேண்டும், ஊதி பிளாஸ்டிக் என்பதால். சட்டியை ஒட்டிய பகுதிக்கு ஜிஐ குழாய் போடாதீர்கள், சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு புகையும், அது உடம்புக்கு ஆகாது. கருப்பு இரும்புக் குழாய் கேளுங்கள். ஊதி சட்டியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், அப்போதுதான் நின்றிருக்கும் நேரத்தில் சூடு பின்னோக்கி ஏறி வராது. வாயின் மேல் ஸ்டெயின்லெஸ் கம்பி வலை கவிழ்த்துக் கம்பியால் இறுக்குங்கள். பொறி வெளியே போகாமல் இருக்க வலை கண்டிப்பாக வேண்டும்.

சிரட்டைக்கரிதான் சரி. இஸ்திரிக் கடைக்குப் போடுகிறவர்களிடம் கிடைக்கும். விறகுக்கரி ஊதும்போது படபடவென்று பொறி கக்கும். ஈரக்கரி வெடிக்கும், அதனால் முதல் நாள் வெயிலில் காய வையுங்கள். பற்றவைக்கச் சிரட்டைத் துண்டும் தென்னம்பாளையும் போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் அந்த வேலி பக்கமே வரக் கூடாது. கரியின் மேல் சாம்பல் வெள்ளை படர அரைமணி நேரம் பிடிக்கும், அதுவரை ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். கரிப்புகையில் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மழை தூறுகிறதென்று சட்டியை மண்டபத்துக்குள் தூக்கிப் போவது ஆபத்து.

8. ஊதியை ஆட்டத்தோடு இணைப்பது

12 வோல்ட் ஸ்நெயில் ப்ளோயர் மூன்று, ஒவ்வொன்றுக்கும் மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் வழியாகக் கட்டுப்பாடு. கடையில் சுலபமாகக் கிடைக்கும் ஐஆர்எஃப்520 மாட்யூலை வாங்கிவிடாதீர்கள். 3.3 வோல்ட்டுக்கு அது முழுதாகத் திறக்காது, ஊதி முனகும், மாட்யூல் சுடும். ஐஆர்எல்இசட்44என் போல லாஜிக் லெவல் வகையைக் கேளுங்கள். மாஸ்ஃபெட்டின் ‘கேட்’ காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 கே ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம்: போர்டு ரீசெட் ஆகும் நேரத்தில் ஊதி தானாக ஓடாமல் இருக்க. ஊதியின் குறுக்கே டையோடும், புரோகிராமில், அது தொங்கினால் போர்டைத் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரும் போடுங்கள்.

புலி உயிரோடு இருக்கும்வரை ஊதி மெல்ல ஓடட்டும், நாலு விநாடி ஏறி நாலு விநாடி இறங்குகிற மாதிரி. கங்கு சிவந்து கருத்து, புலி மூச்சு விடுவதுபோல இருக்கும். இந்த ஊதிகள் மிகக் குறைந்த வேகத்தில் கிளம்பாமல் முரண்டு பிடிக்கும். ஒரு கணம் முழு வேகம் கொடுத்து அப்புறம் குறையுங்கள். வெட்டு விழுந்தால் மூன்று விநாடி முழு வேகம், அதற்குமேல் வேண்டாம். நீண்ட நேரம் ஊதினால் கரி சீக்கிரம் தீரும், சாம்பல் பறந்து ஆடுகிறவர் கண்ணில் விழும்.

அவசரத்துக்கு ஒரு பெரிய சிவப்புக் காளான் ஸ்விட்ச். அது ஊதிகளின் கரண்ட்டை மட்டும் வெட்ட வேண்டும். விளக்கையும் சேர்த்து வெட்டும்படி வயரிங் செய்தால், சுடுசட்டி பக்கத்தில் நூறு பேரை இருட்டில் நிறுத்தியது மாதிரி ஆகும்.

9. ஆட்டம் நடக்கும் ராத்திரி

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். சட்டிகள் காற்று போகும் பக்கம், கூட்டம் காற்று வரும் பக்கம். சட்டிக்கும் கட்டத்தின் ஓரத்துக்கும் மூன்று மீட்டர். சட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினால் பிள்ளைகள் குனிந்து நுழைவார்கள், மூங்கில் வேலியே போடுங்கள்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆட்டத்தை நடத்த, இன்னொருவர் நெருப்பை மட்டும் பார்க்க. இரண்டாமவர் போன் பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பருத்தி உடுத்தியிருக்க வேண்டும். பக்கத்தில் மணல் வாளி நாலு, நனைத்த சாக்கு, குளிர்ந்த தண்ணீர் ஒரு குடம். அந்தத் தண்ணீர் யாருக்காவது சுட்டுவிட்டால் ஊற்றுவதற்கு, சட்டிக்கு அல்ல. சுட்டுக் கிடக்கும் வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும், ஆவி முகத்தில் அடிக்கும்.

கட்டத்துக்குள் ஒரு நேரத்தில் இருவர் மட்டும். தாவணி, சேலை முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் காயைக் கையில் எடுக்க வேண்டாம் என்று ஒரு பலகையும் வையுங்கள். காந்தம் வலுவானது.

முடிந்ததும் ஊதியை நிறுத்தி, ஒவ்வொரு சட்டியையும் மணலால் மூடி, மேலே இரும்பு மூடி போட்டு, காலைவரை ஒருவர் அங்கேயே படுத்துக்கொள்ளட்டும். சாம்பலுக்கு அடியில் கங்கு விடிந்தும் உயிரோடு இருக்கும். மறுநாள் கம்பியால் கிளறி, கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்து, சூடு இல்லையென்று உறுதியான பிறகுதான் சாம்பலை அள்ள வேண்டும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், தகர டின்னில் அள்ளுங்கள்.